கணவர் வெளியூர் சென்றிருந்தார்

கணவர் வெளியூர் சென்றிருந்தார். அவ்வளவுதான் நான். என் பெண்டாட்டிக்கு இந்தப் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம், நடுவில் வழவழத் தாளில் ஒரு போட்டோ, எனக்கு மூன்றே வார்த்தை. பெயர்கூட இல்லை. கொளஞ்சி என்று நாலு எழுத்து சேர்த்துப் போட்டால் மை தீர்ந்துவிடுமா. வெளியூராம். என்னவோ மச்சினன் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்த மாதிரி. நான் சந்தைக்குப் போயிருந்தேன் ஐயா, மாடு பிடிக்க. தரகன் சந்தைக்குப் போகாமல் வேறு எங்கே போவான். திரும்பும்போது பாலம் இருந்த இடத்தில் பாலம் இல்லை, லாரியைச் சுற்றித் தண்ணீர், கேபின் மேலே டிரைவரும் நானும், பின்னால் மாடுகள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நின்றன. அதுவும் வெள்ளம்தானே. அதே வானம் ஊற்றிய தண்ணீர்தானே. என்னை ஏன் ஒருத்தனும் வந்து கேட்கவில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய இந்தக் கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை பெண் உட்காரும் மேடையில், புத்தக வெளியீட்டுக்கு, வெள்ளத்தில் பிழைத்தவர்களை வரிசையாக உட்காரவைத்திருக்கிறார்கள். தையல் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நடந்த டெய்லர். பள்ளிக்கூடத்து அரிசியை மாடிக்கு ஏற்றி ஊருக்கே கஞ்சி வைத்த சத்துணவு ஆயா. அப்புறம் குணவதி, என் குணவதி. அவளுக்கு இந்தப் பக்கம் புத்தகம் எழுதிய ஜெயசீலன், காலேஜ் வாத்தியார். அந்தப் பக்கம் எங்கள் ஊர் பால் சொசைட்டி செக்ரெட்டரி தேவநாதன். இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது. நான் கீழே, ஃபேன் காற்று வராத வரிசையில், மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு.

தேவநாதன் குனிந்து அவளிடம் ஏதோ சொல்கிறான். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். என்ன சொல்லியிருப்பான். மைக்செட்காரன் ஒயரைத் தடுக்கி விழப் பார்த்தான், அதைச் சொல்லியிருப்பான், வேறு என்ன. இருந்தாலும் அந்தச் சிரிப்பு எனக்கு வந்து சேர்ந்து எத்தனை காலம் ஆயிற்று. என் எதிரில் அவள் பல் தெரியத்தான் சிரிப்பாள், வாயை மூடுகிற சிரிப்பு ஊராருக்கு. இல்லை, வாயை மூடினால் அது மரியாதை, பல் தெரிந்தால் அது உரிமை, அப்படியும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மனசு நல்ல மாட்டைப் பார்த்தாலும் வாலில் சுழி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறது. சட்டை. அந்தச் சட்டைதான் எல்லாவற்றுக்கும். ஏரி உடைப்பெடுத்து எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம், மேட்டுத் தெரு அது, சாமி ஊர்வலம்கூட மூச்சு வாங்கித்தான் ஏறும். வந்துவிட்டது. லாரியை விட்டு இறங்கி நான் நடந்தும் நீந்தியும் மண்ணில் புரண்டும் ஊர் வந்து சேர்ந்தபோது தண்ணீர் இடுப்புக்கு வடிந்திருந்தது. பால் சொசைட்டி மொட்டைமாடியில் தலை தலையாக ஜனம். அதில் குணவதி. புடவைக்கு மேலே ஒரு ஆம்பிளைச் சட்டை. நீலக் கட்டம் போட்டது. பொத்தான் கழுத்து வரை. அது தேவநாதன் சட்டை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், தீபாவளிக்கு எடுத்ததை அவன் அதற்குள் பத்துத் தடவை போட்டுக் காட்டிவிட்டான். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். அவள் குனிந்து பார்த்தாள். செத்தவன் வந்து நிற்கிற மாதிரி பார்த்தாள், அல்லது வரக்கூடாதவன் வந்த மாதிரி. இன்றுவரை எனக்கு அது எது என்று தெரியவில்லை. அப்புறம் அந்தச் சட்டையைத் துவைத்துக் காயவைத்து, சொம்பில் நெருப்பு போட்டுத் தேய்த்து, மடித்துப் பேப்பரில் சுற்றி அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். என் சட்டைக்கு என்றாவது சொம்பில் நெருப்பு போட்டிருப்பாளா. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கையால் இடிக்கிறார். வெள்ளை வேட்டி, மூக்குக் கண்ணாடி, ரிடையர் ஆன தபால்காரராம், வந்ததும் அவரே சொல்லிவிட்டார். "இந்த பசுமாட்டுச் சாப்டர் படிச்சீங்களா" என்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "நான் இந்த மாதிரி புஸ்தகம்னா விட மாட்டேன். பூகம்பம், புயலு, கடல் உள்ள வந்தது, எல்லாம் ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். ராஜா கதை மந்திரி கதையெல்லாம் எவனுக்கு வேணும். இந்த மாதிரி நம்மாளுங்க என்னா பண்ணாங்கன்னு படிச்சாத்தான் நெஞ்சு ஒரு மாதிரி ஆவுது." நல்லது, ஆகட்டும் என்றேன். "இந்தம்மா ஒண்டியா, மாட்டுக் கயித்தெல்லாம் அறுத்துவுட்டு, கன்னுக்குட்டியத் தோள்ல போட்டுக்கினு, அடடா. வீட்டுக்காரன் பாருங்க, அந்த நேரத்துல எங்கியோ ஊர் சுத்தப் போயிட்டான்." எனக்குக் காது சூடாகிவிட்டது. "ஊர் சுத்தல. சந்தைக்குப் போயிருந்தான்" என்றேன். "அப்பிடிப் போடலியே இதுல." "போடலன்னா இல்லன்னு ஆயிடுமா." அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க அந்த ஊருங்களா" என்றார். "பக்கம்" என்றேன். பக்கம்தான். ஒரே பாயில் பக்கம்.

மறுபடி படிக்கிறேன். ஐந்தாவதோடு நின்றவன் நான், சாணி அள்ளிப் போடுகிற வேலையில் ஆரம்பித்து லாரியில் மாடு ஏற்றி, மிதி வாங்கி, ஏமாந்து, ஏமாற்றி, சொந்தமாகக் கொட்டகை போட்டவன். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்தால் விடாது. அத்தியாயத்துக்குப் பெயர் படியேறிய பசு. கொட்டகையில் தண்ணீர் நுழைந்ததும் குணவதி அரிவாள்மணையின் அலகைப் பலகையிலிருந்து பிடுங்கிக் கயிறுகளை அறுத்தாள் என்று போட்டிருக்கிறது. அவிழ்க்க நேரமில்லை, நனைந்த முடிச்சு இறுகிவிடும் என்று அவளே சொன்னாளாம். சரிதான், அது எனக்கும் தெரியும், ஆனால் அரிவாள்மணை எனக்குத் தெரியாது, கொட்டகையில் கயிறு எல்லாம் அறுந்து கிடந்ததைப் பார்த்தவன் எதால் அறுத்தாய் என்று கேட்கவில்லை. கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் சொசைட்டி படி ஏற, பின்னாலேயே பசு தண்ணீரிலிருந்து எழுந்து படி படியாக ஏறி வந்ததாம். வீட்டில் நின்ற பசு என்று எழுதியிருக்கிறான். வீட்டில் தானாக முளைத்து நின்றதா அது. பல் பார்த்து, மடி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, வெயிலில் நாக்கு வறள வறளப் பேசி நான் வாங்கி வந்த பசு. மாட்டுக்குக்கூட அத்தியாயத்தில் பேர் இருக்கிறது, லட்சுமி. அதன் பாலைத்தான் மாடியில் இருந்த குழந்தைகளுக்கெல்லாம் குடிக்கக் கொடுத்தார்கள். ராத்திரி பூரா மாடியில் இருந்தவர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள், யாரும் தூங்கித் தண்ணீரில் விழுந்துவிடாமல் இருக்க, ஒரு மூலையிலிருந்து தேவநாதன் குரல் கொடுக்க, அடுத்த மூலையிலிருந்து குணவதி. அடுத்த மூலை. நல்லது, மூலை வேறு வேறுதான். தாளைத் திருப்புகிறேன். பாம்பு வருகிறது, தண்ணீர் டேங்க் மேல் சுருண்டு கிடக்கிறது, அதுவும் பிழைக்கத்தான் வந்தது என்று விட்டுவிட்டார்களாம். பாம்பு வருகிறது. சட்டை வரவில்லை. மறுபடி முதலிலிருந்து பார்க்கிறேன், குளிர் என்ற சொல் எங்கே வருகிறதோ அங்கே நின்று நின்று. குளிர் வருகிறது, சட்டை இல்லை. எழுதுகிறவன் விட்டுவிட்டானா, அவள் சொல்லவில்லையா. சொல்லாமல் விட்டால் அது ஒன்றுமே இல்லாத விஷயம். அல்லது எல்லாமே அதுதான். ஜெயசீலன் எங்கள் வீட்டுக்கு வந்து வந்து போனதும் ஞாபகம் வருகிறது. நான் சந்தை முடித்து வரும்போதெல்லாம் அவன் செருப்பு வாசலில் கிடக்கும். டீ டம்ளர் இரண்டு கழுவாமல் இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொல்லி, பேச்சைப் பிடிக்கிற அந்தச் சின்ன மிஷினை அணைப்பான். அணைப்பான். அதுதான் எரிகிறது. நான் வந்ததும் அணைகிற பேச்சு.

மண்டபத்துக்குள் வரும்போது தேவநாதன் எனக்குக் கை கொடுத்தான். நான் அந்தக் கையைச் சீக்கிரம் விடவில்லை. மாட்டுச் சந்தையில் எங்கள் விலை எல்லாம் கையில்தான். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அதற்குள் இவன் விரலை அவன் பிடிப்பான், எந்த விரல், எத்தனை விரல், அதுதான் விலை, சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு இரண்டு பேர் முகம் மட்டும்தான் தெரியும், முகத்தில் ஒன்றும் இருக்காது. இத்தனை வருஷத்தில் எத்தனை கை பிடித்திருப்பேன். பொய் சொல்கிறவன் கை முதலில் உள்ளங்கையில் வேர்க்கும், அவசரக்காரன் கை இழுக்கும், பயந்தவன் கை செத்த மீன் மாதிரி கிடக்கும். தேவநாதன் கை காய்ந்து, சூடாக, சாதாரணமாக இருந்தது. கள்ளம் இல்லாத கை. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை, கள்ளம் பழகிப்போனாலும் கை வேர்க்காது அல்லவா. குணவதி கையை அப்படிப் பிடித்துப் பார்த்தது உண்டா. அவள் கையில் சாணி இருக்கும், மாவு இருக்கும், பிடித்தால் உதறிவிட்டுப் போவாள். அவள் வாய்க்காகத்தான் காத்திருந்தேன். எங்கள் தொழிலில் முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றான். சின்னப் பையனாகப் போன புதிதில் நான் முந்திக்கொண்டு கேட்டுக் கேட்டுத்தான் அடிபட்டேன். என்ன வேணும் என்று நீ கேட்டுவிட்டால் உனக்கு ஆசை என்று அவனுக்குத் தெரிந்துபோகும், அப்புறம் அவன் ஏறிக்கொண்டே போவான். பேசாமல் நில். பீடி பற்றவை. மாட்டைப் பார்க்காமல் வானத்தைப் பார். அவன் தாங்கமாட்டான், அவனே இறங்கி வருவான். ஒரு மாட்டுக்கு ஒரு பகல் முழுக்க நின்றிருக்கிறேன். இவளிடம் ஏழெட்டு வருஷமாக நிற்கிறேன். அந்தச் சட்டையைப் பற்றி ஒரு சொல் கேட்டால் என் ஆசை, என் பயம், எல்லாம் அவளுக்குத் தெரிந்துபோகும் என்று வாயைக் கட்டிக்கொண்டு, இன்று சொல்வாள், பொங்கல் கழிந்தால் சொல்வாள், அடுத்த மழையில் மனசு இளகிச் சொல்வாள். மழைக்காலம் வந்தால் அவள் கதவைச் சாத்திவிட்டு ரேடியோவைப் போட்டுக்கொள்வாள். இவள் என்னைவிடப் பெரிய தரகி, இறங்கவே மாட்டேன் என்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜெயசீலன் மைக் முன்னால் வந்துவிட்டான். ஒல்லி ஆள், தோளில் துணிப்பை, அதை மேடையில்கூடக் கழற்றவில்லை. பேசட்டும். ஏதாவது தப்பாகச் சொன்னால் எழுந்து கேட்டுவிடுவது என்று நாற்காலி நுனிக்கு வந்தேன். "ஏரி உடைஞ்சதுக்கு அரசாங்கத்துல கணக்கு இருக்கு. எத்தனை குடிசை, எத்தனை ஏக்கர், எல்லாம் இருக்கு. அந்த ராத்திரி மாடியில ஒருத்தர் பேரை ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்களே, அது எந்தக் கணக்குலயும் இல்ல. அதுக்குத்தான் இந்தப் புத்தகம்" என்றான். கை தட்டினார்கள். தபால்காரர் பலமாகத் தட்டினார். "என்னைக் கேக்கறாங்க, இவங்களையெல்லாம் எப்படி சார் பேச வெச்சீங்கன்னு. நான் ஒண்ணுமே பண்ணல. அன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன், கேட்டுட்டு சும்மா இருந்தேன். குணவதியம்மாகிட்ட முதல் நாள் அப்படித்தான் கேட்டேன். அவங்க ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, இதுவரைக்கும் என்னைய யாரும் கேக்கல சார்னு." கூட்டம் உச்சுக் கொட்டியது. யாரும். யாரும் என்றால். ஊர் ஜனம், வந்து போன அதிகாரிகள், போட்டோ எடுத்தவர்கள், அவள் அக்கா தங்கச்சி, எல்லாம் சேர்த்துத்தான் யாரும். அதற்குள் நானும். எழுந்திருக்க நாற்காலி நுனிக்கு வந்திருந்தவன் மறுபடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். நான் வேண்டுமென்று கேட்காமல் இருந்தேன், அவள் நான் கேட்கவில்லையே என்று இருந்திருக்கிறாள். நான் விலைக்கு நின்ற இடத்தில் அவள் விற்கவே நிற்கவில்லை. ஒரு காலேஜ் வாத்தியார், மாட்டுக்குக் கொம்பு முன்னாலா பின்னாலா என்று தெரியாதவன், நேரே வந்து உட்கார்ந்து, என்ன ஆச்சு என்று கேட்டு, எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. அந்தக் கேள்வி என்னுடையது. வாசலில் கிடந்த அவன் செருப்பு, இரண்டு டம்ளர், எல்லாம் என்னுடையது.

"அவங்க கணவரும் இங்க வந்திருக்காங்க" என்று அவன் கூட்டத்தைத் துழாவினான். "ஐயா மேடைக்கு வரணும்." குணவதி எனக்கு நேராகக் கையை நீட்டிக் காட்டினாள். தபால்காரர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நீங்கதானா அது" என்றார். "ஆமா" என்றேன், "ஊர் சுத்தப் போனவன்." "நான் ஒரு பேச்சுக்கு..." "வுடுங்க." மேடைக்குப் போகவில்லை. கையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கே போய் நின்று எந்தச் சால்வையைப் போர்த்திக்கொள்வது, எதற்காக. அவளுக்குப் போர்த்தினார்கள், தேவநாதனுக்குப் போர்த்தினார்கள். பேசச் சொன்னபோது அவள் மைக்கைப் பிடித்து, "எல்லாம் இதுல சரியாத்தான் போட்டிருக்கு. ஒண்ணு ரெண்டு வுட்டுப்போச்சு, அது என்னால" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒன்று ரெண்டு. சட்டை ஒன்று. ரெண்டு எது.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். தேவநாதன் பைக்கில் வந்தவன், அவளைப் பின்னால் ஏறிக்கொள்ளச் சொல்வானோ என்று பார்த்தேன், "வரேன் கொளஞ்சி" என்று போய்விட்டான். குணவதி சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே நடந்தாள். "மேடைக்கு வந்திருக்கலாம் இல்ல மாமா" என்றாள். பூக்கடை தாண்டினோம். கரும்புச்சாறு வண்டி தாண்டினோம். வாய் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் இந்த மௌனத்தில் எனக்கு ஒரு பலம் இருந்தது, இப்போது வெறும் கட்டை மாதிரி வாயில் கிடந்தது. அவளைத் திருப்பி நிறுத்தாமல், நடந்துகொண்டே, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு இன்னா ஆச்சு" என்றேன். அவள் நின்றுவிட்டாள். "அதான் புஸ்தகத்துல இருக்கே." "அது அந்த ஆள்கிட்ட சொன்னது." "நீ கேட்டதில்லையே." "இப்பக் கேக்கறேன்." அவள் என் முகத்தைப் பார்த்தாள், சண்டைக்கு வருகிறேனா என்று பார்த்திருப்பாள், பழகிய முகம்தானே. எங்கள் ஊர் பஸ் வரவில்லை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். சொன்னாள். புத்தகத்தில் இருந்ததுதான், ஆனால் வரிசை வேறு. முதலில் பாம்பு, அப்புறம் பசு, அப்புறம்தான் தண்ணீர். "குளுரு வேற தாங்கல. தேவநாதண்ணன் சட்டையக் கழட்டிக் குடுத்தாரு, அவரு பனியனோட நடுங்கிக்கினு கெடந்தாரு, பாவம், ரெண்டு நாளு ஜுரம் அடிச்சுது அவருக்கு" என்றாள், சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். இவ்வளவுதானா. எந்த மேளமும் இல்லாமல், எதிரே சைக்கிளில் போகிறவன் மாதிரி என் சட்டை என்னைத் தாண்டிப் போய்விட்டது. அண்ணனாம். துவைத்துத் தேய்த்துக் கொடுத்தது அந்த ஜுரத்துக்கு. எனக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். இருந்தது, ஒரு மூச்சு விடுகிற நேரம்.

"ஒண்ணு மட்டும் அந்த சார்கிட்ட சொல்லல" என்றாள். "அவருக்கு எதுக்கு அது." நான் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ரெண்டாவது நாளு விடியச்சொல்ல, நீ செத்துட்டன்னு நெனச்சேன். லாரியோட போயிட்டன்னு. அழுதேன். கொஞ்ச நேரந்தான் வந்துச்சு, அப்புறம் அழுவ வரல. பசு மடி கனத்துப்போயிக் கத்துச்சு. படிக்கட்டுல எறங்கிப் போயிக் கறந்தேன். கறக்கறப்ப நெனச்சேன், இந்த ஒண்ணு இருக்கு, கன்னு இருக்கு, பொழச்சிக்கலாம், சந்தைக்கு நானே போவலாம், பொம்பள கைன்னா துண்டுக்குள்ள நுழையாதான்னு. தெம்பா இருந்துச்சு மாமா. அந்த மாதிரி தெம்பு எனக்கு அதுக்கு முன்ன வந்ததே இல்ல. மத்தியானம் நீ வந்து கீழ நின்ன. சந்தோசந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா கையில இருந்த எதையோ புடுங்கிக்கினாப்பல இருந்துச்சு." எதிரே ஒரு பஸ் ரிவர்ஸ் எடுத்தது, கண்டக்டர் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே நடந்தார். ஏழெட்டு வருஷமாக ஒரு ஆம்பிளையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அடிக்கவாவது ஒருத்தன் வேண்டும் என்று. தேவநாதன் இல்லை, ஜெயசீலன் இல்லை. மாடியில் ஒரு பொம்பளை நின்றிருக்கிறாள், நான் இல்லாமல், நன்றாக. அந்தத் தெம்போடு அவள் அரை நாள்தான் இருந்தாள், நான் வந்து அவளை இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அவளை எனக்குத் தெரியாது. வேறு யாருக்கும்கூடத் தெரியாது, அதில்தான் எரிச்சல் போய் நிற்க இடமில்லாமல் சுற்றியது. "கோவமா" என்றாள். தெரியல என்றேன், உண்மையாகத்தான்.

பஸ் வந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி அவளுக்கு ஜன்னல் ஓரம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். உட்காரச் சொன்னாள், நிற்கிறேன் என்றேன். மேலேயிருந்து பார்க்க அவள் வகிடு தெரிந்தது, நரை தெரிந்தது. பஸ் கெடிலம் பாலம் ஏறுகிற வரையில் நினைத்து நினைத்துப் பார்த்தேன், என் புத்திக்கு ஒரே கேள்விதான் எட்டியது. "சந்தைக்குப் போயிருந்தா மொதல்ல இன்னா மாடு புடிச்சிருப்ப" என்றேன். யோசிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரித்து மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசிக்கவே இல்லை. "கெடேரி. ரெண்டு பல்லு. செவல" என்றாள். "உன்ன மாதிரி கெழட்டு மாட்டுக்கு எண்ணெ தடவி வித்துப் பொழைக்க என்னால ஆவாது." முன் சீட்டில் இருந்தவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். இன்னும் கன்று போடாத இளமாடு, பல், நிறம் வரைக்கும் தயாராக வைத்திருக்கிறாள். கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்று என்னைத்தான் கேட்டார். அந்தச் செவலைக் கெடேரி எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. அவளே கையை நீட்டி, ஊர்ப்பேரைச் சொல்லி, ரெண்டு டிக்கெட் என்றாள்.